காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம்

மார்ச் 28

இன்றுதான் அவருடைய முதுகைப் பார்த்தேன்.

கல்யாணமாகி ஐம்பத்து நான்கு நாள். லோகநாதன், இருபத்தொன்பது வயது. நாமக்கல்லில் தேய்ந்த லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையை அப்பாவோடு சேர்ந்து நடத்துபவர். முப்பத்து நான்காம் நாள் டயர் அடுக்கிய பரணிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பில் மூன்று விரிசல். ஆபரேஷன் வேண்டாம், தானே ஒட்டிக்கொள்ளும், அசையாமல் படுத்திருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாளாக அசையாமல் படுத்திருந்தார். எல்லோரும் மெச்சினோம்.

காலையில் இலவம்பஞ்சு மெத்தையில் ஈரமாக ஒரு வட்டம். தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். தண்ணீருக்கு அந்த வாசனை கிடையாது.

அத்தையும் நானும் திருப்பிப் பார்த்தோம். வால் எலும்பின் மேல் தோல் இல்லை. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பள்ளம், சிவப்பாக.

"ஏன்டா, எரியலையாடா?" என்றார் அத்தை.

"எரிஞ்சுதுங்மா. அசையக் கூடாதுன்னாங்களே."

நான் துடைத்துவிடுகிறேன் என்று அத்தை நினைத்திருந்தார். அத்தை துடைத்துவிடுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 29

டாக்டர் வீட்டுக்கு வந்தார். படுக்கைப் புண். ஒரே இடத்தில் எடை அழுந்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. போகாத இடம் செத்துவிடும். அவ்வளவு எளிய விஷயம்.

ஆறு வாரம் கொடுத்திருக்கிறார். மே பத்து வாக்கில் மூடவில்லை என்றால் பக்கத்துச் சதையை வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். பிறகு இரண்டு மாதம் குப்புறப் படுக்கை. மூடிவிட்டால் உட்காரலாம்.

உட்காரலாம். எவ்வளவு பெரிய சொல்.

நான் எம்.ஏ. தத்துவம். 'உடலும் இருப்பும்' என்று ஒரு தாள் எழுதி எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன். அதில் முதுகு என்ற ஒன்றே வரவில்லை.

மார்ச் 30

காற்று மெத்தை வந்தது. வாடகைக்கு. சுருட்டி வைத்தால் தலையணை அளவுதான். விரித்தால் கட்டில் முழுக்கக் குமிழ் குமிழாக.

"இதென்ன, முட்டை அட்டையாட்ட இருக்குது?" என்றார் அத்தை.

இந்த ஊரில் எதுவும் முட்டையில்தான் போய் முடியும். ஆனால் அத்தை சொன்னது சரி. அச்சாக முட்டை அட்டை. ஒரு வரிசைக் குமிழ் உப்பும்போது அடுத்த வரிசை அடங்குகிறது. பத்து நிமிடம் கழித்து இது அடங்கி அது உப்புகிறது. எடை ஒரே இடத்தில் தங்குவதில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன மோட்டார் பெட்டி தொங்குகிறது. அதில் ஒரு திருகு. ஆளின் எடைக்கு ஏற்ப வைக்க வேண்டும். அவர் அறுபத்திரண்டு கிலோ. திருகை நடுவில் வைத்தேன்.

நான்கு பேர் பிடித்து அவரை அதில் ஏற்றினோம். அவர் கூரையைப் பார்த்தபடி உள்ளங்கையால் மெத்தையைத் தடவினார்.

"மூச்சு விடுது," என்றார்.

"யாரு?"

"மெத்தை. புதுசா ஒருத்தியக் கட்டி வெச்ச மாதிரி இருக்குது."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வேடிக்கை. சிரிப்பதா என்று தெரியாமல் தலையணை உறை மாற்றினேன். அது ஏற்கெனவே மாற்றிய உறை.

ஏப்ரல் 1

ஜெபராணி சிஸ்டர் தினம் வந்து கட்டு மாற்றுகிறார். தூத்துக்குடிக்காரர். வந்த முதல் நாளே வீட்டில் அனைவரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினார்.

"பவுடர் போட்டது யாரு?"

அத்தை கை தூக்கினார்.

"தேங்காய் எண்ணெய் தேச்சு அமுக்கினது?"

மறுபடியும் அத்தை.

"மெத்தை மேல ஜமுக்காளத்தை ரெண்டா மடிச்சுப் போட்டது?"

"சில்லுனு இருக்குமேன்னு…"

"ஏம்மா, காத்து மெத்தைக்கு மேல ஜமுக்காளத்தைப் போட்டா மெத்தை எதுக்கு? ஒத்தை விரிப்பு போதும். செவந்த எடத்தைத் தேய்க்கவே கூடாது. பெறவு கேளுங்க, மெத்தை இருக்குன்னு நீங்க சும்மா இருந்திரக் கூடாது. ரெண்டு மணிக்கு ஒருக்க சாய்க்கணும். எடம், வலம். மல்லாக்க சாப்பாட்டு நேரம் மட்டுந்தான். குதிகால் மெத்தையில படக் கூடாது."

போகும்போது என்னிடம் தனியாக: "தினம் ஆறு முட்டை. புண்ணு மூடுறதுக்கு மருந்து அதுதான்."

ஏப்ரல் 2

6 இடம். 8 வலம். 10 இடம். 12 மல்லாக்க, சாதம், மூன்று முட்டை. 1 வலம். 3 இடம். 5 வலம். 7 இடம், மூன்று முட்டை. 9 வலம்.

முழு உண்மையை எழுதுகிறேன். அத்தை முதல் நாளே வெந்நீரையும் துணியையும் என் கையில் கொடுத்திருந்தார். முகம், கை, கால் துடைத்தேன். முதுகுக்கு அவரை அணைத்துத்தான் திருப்ப வேண்டும். வெட்கமாக இருந்தது. அத்தை செய்துகொள்வார் என்று வாளியைத் திரும்ப வைத்துவிட்டேன். பன்னிரண்டு நாள்.

ஏப்ரல் 4

திருப்பும் முறை. எதிர்ப்பக்கம் நின்று, அவருக்கு அடியில் கிடக்கும் விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, என் பக்கம் சாய்க்க வேண்டும். மூன்று சொல்லக்கூடாது. மூன்றில் அவர் உதவி செய்ய ஆரம்பிப்பார். வலிக்கும். அவர் கை என் தோளில். முகம் என் கழுத்தருகே. முதுகில் தலையணை கொடுக்கும் வரை அப்படியே நிற்க வேண்டும்.

இன்று தலையணை எட்டவில்லை. கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றோம்.

"நர்மதா."

"என்னங்க?"

"தலகாணி அந்தப் பக்கம் இருக்குது."

"தெரியுமுங்க."

ஏப்ரல் 7

முட்டைக்கு எதிராக அவர் போராட்டம் தொடங்கியிருக்கிறார். அவித்தது வேண்டாம், ஆஃபாயில் வேண்டாம், குழம்பு வேண்டாம். "கோழியே எம்மேல பரிதாபப்படும்" என்கிறார். நான் ஒரு முட்டை தின்றால் அவர் ஒன்று தின்பதாக ஒப்பந்தம். நான் பிறந்ததிலிருந்து முட்டை தொடாத வீட்டுப் பெண். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அவர் சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்துக் கத்த, அத்தை ஓடி வந்தார்.

"என்னாச்சு?"

"உன்ற மருமக மதம் மாறீட்டா."

சிஸ்டர் ஒரு கண்ணாடித்தாளைப் புண்ணின் மேல் காட்டிப் பேனாவால் ஓரம் வரைந்தார். நெல்லிக்காயைவிடச் சின்னது. தாளில் தேதி போட்டு இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

தூக்கம் குறைவு. காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. தூக்கம் குறைந்தால் அப்படி வருமாம்.

ஏப்ரல் 9

மாமா தினமும் காலை பத்து மணிக்குப் பட்டறைக்குக் கிளம்பும்போது மகன் அறைக்குள் எட்டிப் பார்ப்பார். நல்லதம்பி என்று பெயர். நாற்பது வருடமாக டயர். மகனோடு பேசியது, நான் வந்ததிலிருந்து, மொத்தம் ஒரு பக்கம் இருக்கும். அதிலும் பாதி "ம்".

இன்றும் வந்தார். நான் சமையலறையில் இருந்தேன். இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 12

புண் சுருங்கவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம். புண் பெரிதாகியிருக்கிறது. ஓரம் கறுத்திருக்கிறது. கண்ணாடித்தாளில் எலுமிச்சை அளவு.

சிஸ்டர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நேரத்துக்குச் சாய்க்கிறீங்கல்லா?" என்று மட்டும் கேட்டார். நோட்டைக் காட்டினேன். எல்லா நேரமும் இருந்தது. மெத்தையை அமுக்கிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கே. திருகை எங்க வெச்சிருக்கீங்க?"

"நடுவுலதான் வெச்சேன்."

கடைசியில் இருந்தது.

நடுவுக்குத் திருப்பினேன். கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு நகப்பூச்சு மிச்சம் இருந்தது. திருகின் முனைக்கு நேராக ஒரு பொட்டு வைத்தேன்.

ஏப்ரல் 15

காலை 9: பொட்டுக்கு நேராக. மதியம் 12: கடைசியில்.

பேய் என்று அத்தை. எலி என்று பக்கத்து வீடு. லோகுவிடம் கேட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 16

பத்து மணிக்குக் கதவின் பின்னால் நின்றேன். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்த ஒருத்தி மாமனாரை ஒளிந்து பார்க்கிறாள்.

மாமா வந்தார். செருப்பை வெளியே விட்டார். மெத்தையின் ஓரத்தைக் கை முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். லாரி டிரைவர்கள் கிளம்பும் முன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக் கேட்பார்களே, அதேதான். தலையை ஆட்டினார். குனிந்து திருகைக் கடைசி வரை திருப்பினார். மறுபடி தட்டினார். சத்தம் பிடித்திருக்க வேண்டும். மகனைப் பார்த்தார். மகன் அவரைப் பார்த்தான்.

"ம்," என்றார் மாமா.

"ம்," என்றான் லோகு.

போய்விட்டார்.

அவனுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் தெரியும்.

"ஏனுங்க சொல்லல?"

விரிப்பின் ஓரத்தை நெருடினான்.

"சதையை வெட்டி ஒட்டணும்னாங்க. ரெண்டு மாசம் குப்புறக் கெடக்கணும். கேட்டீங்கதானே?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஏப்ரல் 17

பேசவில்லை. 6 இடம். 8 வலம். 10 இடம்.

கோபித்துக்கொண்டவனை இரண்டு மணிக்கு ஒருமுறை கட்டிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு சண்டையை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அணைத்தேன். அவனும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தோளைப் பிடித்தான். எண்ணாமல் திருப்ப முடியாது, பேசவும் கூடாது. விரலால் அவன் முதுகில் ஒண்ணு, ரெண்டு தட்டினேன். மூன்றாவது தட்டு அவன் தட்டினான், என் தோளில்.

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன். ரத்தம் வந்தது.

ஏப்ரல் 18

மாமனாரிடம் "நீங்கள் செய்தது தப்பு" என்று எப்படிச் சொல்வது? அத்தையிடம் கேட்டேன். "நானே முப்பத்திரண்டு வருசத்துல சொன்னதில்ல கண்ணு" என்றார்.

பத்து மணி. அவர் தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே போனேன்.

"மாமா, காத்து கம்மியா இருக்குதுங்களா?"

பிடிபட்டவர் போலத் தெரியவில்லை. மகிழ்ச்சிதான். கடைசியில் ஒருத்தி தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டாள்.

"கம்மிதான் அம்மிணி. அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒண்ணும் தெரியல. கம்மிக் காத்துல லோடு ஏத்துனா டயரு சூடாயி ஓரத்துல வெடிச்சுப் போகும். நெறையக் காத்து வெச்சாத்தான் எடையத் தாங்கும். நாந்தான் தெனமும் வந்து ஏத்தி உடறேன்." சொல்லிக்கொண்டே திருகைக் கடைசி வரை திருப்பினார்.

"சித்தெ கையக் குடுங்க மாமா."

அவர் கையை, எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, லோகுவின் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே நுழைத்தேன். உள்ளங்கை மேலே பார்க்க.

"பத்து நிமிசம் அப்படியே இருக்கோணுமுங்க."

மாமா குனிந்து நின்றார். மகனின் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் அவர் முகம். இருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மூன்றாம் நிமிடம் மாமா பல்லைக் கடித்தார். நான்காம் நிமிடம், "அம்மிணி, மரத்துப் போச்சு" என்றார்.

உருவினேன். விரல்கள் வெள்ளை. மோதிரம் இருந்த இடத்தில் குழி. மாமா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் திரும்பி ஏறி விரல்கள் சிவக்கும் வரை பார்த்தார்.

"நாலு நிமிசத்துக்கே…" என்றார். மகனின் இடுப்பைப் பார்த்தார்.

நான் திருகைச் சிவப்புப் பொட்டுக்குக் கொண்டுவந்தேன். மெத்தை பெருமூச்சு விட்டு இறங்கியது. மாமா கேட்காமலே மறுபடி கையை உள்ளே விட்டார். இந்த முறை அவர் முகம் மாறியது. பட்டறையில் நல்ல ரப்பரை விரலால் நெருடும்போது வரும் முகம்.

"ஆத்து மணல்," என்றார்.

"என்னங்க மாமா?"

"மணல்ல லோடு வண்டி எறங்கோணும்னா காத்துல பாதியப் புடுங்கி உட்ருவோம். டயரு அகலமா ஒக்காரும். பொதையாது. கெட்டியா வெச்சா ஒரே எடத்துல குத்தி எறங்கீரும்." கையை எடுக்கவே இல்லை. "உடம்பு தார் ரோடு இல்ல. மணலு. இது எனக்கே தெரியோணும். நாப்பது வருசம்…"

பிறகு மகனிடம், என் காதில் விழக்கூடாது என்பதுபோல:

"ஏன்டா சாமி, நோவுதுன்னு சொல்றதுக்கென்ன?"

லோகு கூரையைப் பார்த்தான்.

"நீங்க தெனமும் வந்து தட்டிக் கேட்டுட்டுப் போறது நல்லா இருந்துச்சுங்கப்பா."

மாமா "ம்" சொல்லவில்லை. நான் அவசரமாக முட்டை உரிக்கப் போனேன். முதல் முட்டையின் ஓட்டைத் தட்டிய பிறகுதான் அவை இன்னும் அவிக்காதவை என்று தெரிந்தது. கையெல்லாம் மஞ்சள்.

ஏப்ரல் 19

சண்டை முடிந்தது. எப்படி என்று எழுதத் தேவையில்லை.

ஏப்ரல் 23

மாமாவுக்குப் புது வெறி. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வந்து அடியில் கை விட்டுப் பார்க்கிறார். "ஒரு வெரக்கடை காத்து இருக்குது. அளவு." இப்போது உட்கார்ந்து பேசவும் செய்கிறார். ரப்பர் விலை, ஆந்திரா லோடு, பட்டறையில் பாம்பு. லோகு கண்ணால் என்னைக் கூப்பிடுகிறான், காப்பாற்று என்று. நான் போவதில்லை.

ஏப்ரல் 25

மதியம் கரண்ட் போனது. மெத்தை மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. அத்தை மாமாவுக்குப் போன் செய்தார். பதினைந்து நிமிடத்தில் லாரி பேட்டரி ஒன்றும் இன்வெர்ட்டரும் பட்டறை ஆட்கள் நால்வரும் வந்தார்கள். வயர் போட்டுப் பெட்டியை ஓட விட்டார்கள். நால்வரும் முறை வைத்துக் கை விட்டுப் பார்த்து "அளவுங்ண்ணா" என்றார்கள்.

"ஏனுங்கப்பா, ஊர்ல இன்னும் யாராச்சும் பாக்கோணுமா?" என்றான் லோகு.

ஏப்ரல் 28

எலுமிச்சை நெல்லி ஆகி, நெல்லி இன்று புளியங்கொட்டை. அடியிலிருந்து புதுச் சதை, மாதுளை முத்து நிறத்தில். அழகு என்ற சொல்லைப் புண்ணுக்குப் பயன்படுத்தலாமா? பயன்படுத்திவிட்டேன்.

மே 3

துவரம்பருப்பு.

வெயில் நூற்று நான்கு. ஈர டவலால் முதுகு துடைத்தேன். வலது தோளில் இரண்டு மச்சம். இடுப்பின் பக்கத்தில் டயர் கம்பி கீறிய பழைய தழும்பு. அவனுக்கே தெரியாத ஒரு மச்சமும் இருக்கிறது. எங்கே என்று கேட்கிறான். சொல்லவில்லை.

"எல்லாத்தையும் பாத்துட்டே. நான் ஒண்ணுமே பாக்கல," என்றான்.

"எந்திரிச்சு வாங்க, காட்டறேன்."

அத்தை அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்.

மே 7

எள்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். ஜூலையில் ஆய்வுக்குச் சேரலாம். லோகு அதை இரண்டு முறை படித்தான். "வார வாரம் பஸ் இருக்குது," என்றான். "நாந்தான் வந்து பாக்கோணும். அதுக்கு மொதல்ல சீட்டுல ஒக்கார முடியோணும்."

எள் மூட வேண்டும். மூன்று நாள்.

மே 10

காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. அத்தை குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தார். மாமா பட்டறையைத் திறக்கவே இல்லை.

டாக்டரும் சிஸ்டரும் பதினொரு மணிக்கு வந்தார்கள். இடப்பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தேன். அவன் முகம் என் கழுத்தில். கட்டுப் பிரியும் சத்தம். என் இதயமா அவன் இதயமா என்று பிரிக்க முடியாமல் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது.

"மூடிருச்சு," என்றார் டாக்டர்.

சிஸ்டர் குலவை போட்டார். கிறிஸ்தவர்கள் குலவை போடுவார்களா? இவர் போட்டார். அத்தை அழுதார், உடனே வந்து பார்த்தார். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒட்டுப் போட்ட டயரைப் பார்ப்பதுபோல ஒரு விரலால் ஓரமாகத் தடவி, "ஜாயிண்டே தெரியல" என்றார். பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்தார். பட்டறை ஆட்கள் வாசலில் நின்று, "நாங்களும்ங்ண்ணா" என்றார்கள்.

"அடப் பாவிங்களா, வேட்டியக் கொண்டாங்கடா!" என்று என் கழுத்துக்குள் கத்தினான்.

புதுத் தோல் மெல்லிசு, இன்னும் பல மாதம் கவனம், மெத்தை இருக்கட்டும் என்றார் டாக்டர். இடுப்புப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, நாளை மறுநாள் ஐந்து நிமிடம் உட்கார வைக்கலாம் என்றார்.

மே 12

முதலில் பக்கவாட்டில் சாய்த்தோம். காலை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு வெளியே இறக்கினோம். மாமா முதுகைத் தாங்கினார். நான் முன்னால் நின்று தோள்களைப் பிடித்தேன். ஒண்ணு, ரெண்டு. மூன்றை எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

உட்கார்ந்துவிட்டான்.

மாமா கையை எடுத்தார். எதையோ எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனார். எதையும் எடுத்து வரவில்லை.

விழுந்து அறுபத்தைந்து நாள். இவ்வளவு நாளும் நான் படித்தது படுத்த முகம். கன்னம் காதுப் பக்கம் சரிந்து, முடி பின்னால் போய், நெற்றி பெரிதாகத் தெரியும் முகம். நிமிர்ந்ததும் எல்லாம் இடம் மாறிவிட்டது. முடி நெற்றியில் விழுந்தது. கன்னத்தில் ஒரு குழி. உட்கார்ந்திருந்தாலும் கண் கிட்டத்தட்ட என் கண் மட்டத்துக்கு. முதுகில் ஒவ்வொரு மச்சமும் எனக்குத் தெரிந்த இந்த ஆளை எங்கேயும் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்றும், அவன் விழுவதற்கு முந்தைய முப்பத்து மூன்று நாளும் கூட, வெட்கத்தில் நான் சரியாகப் பார்க்கவில்லை.

காது சூடாகியது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன்.

"நர்மதா, தல சுத்துது."

"மொதத் தடவ அப்படித்தான் இருக்குமாம். கண்ண மூடாதீங்க. என்னையவே பாருங்க."

"உன்னையப் பாத்தாத்தான் சுத்துது."

ஐந்து நிமிடம் ஆகிவிட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. அவன் நெற்றியை என் தோளில் சாய்த்துக்கொண்டான். அத்தை முட்டைக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்று, "அடக் கருமமே, கதவு தொறந்து கெடக்குது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடுவான். அத்தையிடம் அப்படித்தான் சொன்னேன்.